பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தண்டர்பேர்டில் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கல்வியாண்டு தொடக்கத்திலும் ஆய்வு மாணவர்கள், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள், ஓய்வு பெறப்போகும் பேராசிரியர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களோடு ஆய்வகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களும் தண்டர்பேர்டு என்ற, கணினியில் நிறுவி மெயில் பார்க்கும் மென்பொருளை வைத்து எழுதியவை. மெனுப் பெயர்கள் ஆங்கிலத் திரையில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். சர்வர் முகவரிகளையும் அப்படித்தான். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் போடுங்கள்.

ப்ரவுசர்லயே மெயில் வருதே சார், தனியா ஒரு ப்ரோகிராம் எதுக்கு?

எல்லோருக்கும் தேவையில்லை. ஒரே ஒரு கணக்கு, அதையும் ஃபோனில்தான் பார்ப்பீர்கள் என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம்.

பல்கலைக்கழகக் கணக்கு ஒன்று, சொந்தக் கணக்கு ஒன்று, துறை அலுவலகக் கணக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்களுக்கு மூன்றையும் ஒரே ஜன்னலில் பார்ப்பது பெரிய வசதி. நெட் இல்லாத ஊரிலும் பழைய மெயில்களைத் தேடலாம், பதில் எழுதி வைக்கலாம், நெட் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் விட முக்கியமான காரணம், படிப்போ வேலையோ முடிந்த பிறகும் உங்கள் மெயில்கள் உங்கள் கையில் இருக்கும் என்பது. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தண்டர்பேர்டா அவுட்லுக்கா? எதைப் போடுறது?

பல்கலைக்கழகம் மைக்ரோசாஃப்ட் 365 தருகிறது, காலண்டர், மீட்டிங் எல்லாம் அதிலேயே நடக்கிறது என்றால் அவுட்லுக் போதும். மற்றவர்களுக்கு என் பரிந்துரை தண்டர்பேர்டு. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்று இப்போது அதைப் பராமரிக்கிறது. காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

விண்டோஸில் இப்போது வரும் புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கைச் சேர்த்தால், அந்த மெயில்களின் பிரதி மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும். சேர்க்கும்போது அனுமதி கேட்கும், நாம்தான் படிக்காமல் அழுத்திவிடுவோம். ஆய்வுத் தரவு, தேர்வுத்தாள் விவகாரமெல்லாம் மெயிலில் வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

தண்டர்பேர்டை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். மாதாமாதம் புதுப்பிக்கும் பதிப்பு ஒன்று, ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மாற்றம் காணும் ஈஎஸ்ஆர் பதிப்பு ஒன்று என இரண்டு இருக்கும். மெனுக்கள் அடிக்கடி இடம் மாறுவது பிடிக்காதவர்கள் ஈஎஸ்ஆர் எடுத்துக்கொள்ளலாம்.

எங்க யுனிவர்சிட்டி மெயில் கூகுளா மைக்ரோசாஃப்டான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் இதற்குப் பதில் தெரிய வேண்டும். பாதிப் பேர் இதைத் தெரிந்துகொள்ளாமல் நண்பர் கொடுத்த செட்டிங்கைப் போட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முகவரியின் முடிவில் ஏசி.இன் என்றோ ஈடியூ.இன் என்றோ ஏசி.எல்கே என்றோ இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெயர்ப்பலகை பல்கலைக்கழகத்துடையது, உள்ளே கடை நடத்துவது வேறொருவர்.

ப்ரவுசரில் உங்கள் மெயிலைத் திறந்து பாருங்கள். ஜிமெயில் போலவே திரை தெரிந்தால் கூகுள் வொர்க்ஸ்பேஸ். அவுட்லுக் என்ற பெயரோடு நீலப் பட்டை தெரிந்தால் மைக்ரோசாஃப்ட் 365. ரவுண்ட்கியூப், ஸிம்ப்ரா போன்ற பெயர் தெரிந்தால் பல்கலைக்கழகமே நடத்தும் சர்வராக இருக்க வாய்ப்பு அதிகம். இடையில் பல்கலைக்கழகத்தின் சொந்த லாகின் பக்கம் வந்தால் குழம்ப வேண்டாம். உள்ளே போன பிறகு தெரியும் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருப்பதும் உண்டு. அதனால் உங்கள் வழிகாட்டியின் செட்டிங் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐமேப்னு ஒன்னு, பாப்னு ஒன்னு கேக்குதே, எதைப் போடணும்?

ஐமேப். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும்.

காரணம் தெரிய வேண்டுமென்றால்: ஐமேப்பில் மெயில்கள் சர்வரில்தான் இருக்கும், உங்கள் கணினியில் இருப்பது அதன் பிரதி. இங்கே படித்தது, அழித்தது, வேறு ஃபோல்டருக்கு மாற்றியது எல்லாம் ஃபோனிலும் ப்ரவுசரிலும் அப்படியே தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1986-இல் மார்க் கிரிஸ்பின் இதை வடிவமைத்தார். ஒரே மெயில்பெட்டியைப் பல கணினிகளிலிருந்து பார்க்க வேண்டிய தேவை அன்றைக்கே பல்கலைக்கழகங்களில் இருந்தது.

பாப் அதற்கும் பழையது. மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும், செட்டிங்கைப் பொறுத்து சர்வரிலிருந்து நீக்கியும் விடும். இன்பாக்ஸ் தவிர மற்ற ஃபோல்டர்கள் அதற்குத் தெரியாது. ஒரே கணினியில் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற திட்டவட்டமான காரணம் இருந்தால் மட்டும் பாப் பக்கம் போங்கள்.

சரி, என்னென்ன செட்டிங் போடணும்னு மொத்தமா சொல்லுங்க.

முதல்முறை திறந்ததும் தண்டர்பேர்டே பெயரும் முகவரியும் கேட்கும். ஏற்கெனவே வேறு கணக்கு இருந்தால் அக்கவுண்ட் செட்டிங்ஸ் பக்கத்தில் மெயில் அக்கவுண்ட் சேர்க்கும் பொத்தான் இருக்கும். பெயரை அழுத்தந்திருத்தமாக டைப் செய்யுங்கள், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் அதுதான் தெரியும். பாஸ்வேர்டு கேட்டால், கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு அதைக் காலியாக விட்டுவிட்டுத் தொடரலாம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

பெரும்பாலும் சர்வரைத் தண்டர்பேர்டே கண்டுபிடித்துவிடும். அந்தப் பல்கலைக்கழகத்தின் மெயில் எங்கே போய்ச் சேருகிறது என்ற பொதுப் பதிவைப் பார்த்து, கூகுள் என்றால் கூகுளின் செட்டிங்கை எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிக்காவிட்டால் கையால் போட வேண்டியவை இவை (போர்ட் என்பது சர்வரின் வாசல் எண், எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், ஸ்டார்ட்டிஎல்எஸ் இரண்டும் இணைப்பைப் பாதுகாக்கும் முறைகள், எஸ்எம்டிபி என்பது மெயில் அனுப்பும் முறை):

கூகுள்: வரும் மெயிலுக்கு ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்.

மைக்ரோசாஃப்ட்: வரும் மெயிலுக்கு அவுட்லுக்.ஆபீஸ்365.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். போகும் மெயிலுக்கு எஸ்எம்டிபி.ஆபீஸ்365.காம், போர்ட் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ்.

இரண்டிலும் ஆதென்டிகேஷன் என்ற இடத்தில் ஓஆத்2 (அது என்ன என்பதும் அடுத்த பதிலில்). யூசர்நேம் என்பது முழு மெயில் முகவரி. அதன் முன்பாதியை மட்டும் போட்டுவிட்டு அரைநாள் தேடியவர்கள் உண்டு. பல்கலைக்கழகத்தின் சொந்த சர்வர் என்றால் மட்டும் யூசர்நேம் வேறு மாதிரி இருக்கலாம். சில இடங்களில் ஊழியர் எண், சில இடங்களில் முன்பாதி மட்டும். அதைக் கணினி மையத்தில் கேட்டுத்தான் போட வேண்டும்.

பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன். ப்ரவுசர்ல அதே பாஸ்வேர்டு போகுது. இங்க மட்டும் தப்புன்னு வருது!

என்னிடம் வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். உங்கள் பாஸ்வேர்டில் தவறு இல்லை. பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும் முறையே மாறிவிட்டது.

முன்பெல்லாம் மெயில் ப்ரோகிராம் உங்கள் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வருக்கு அனுப்பும். ப்ரோகிராமோ கணினியோ யார் கையிலாவது சிக்கினால் பாஸ்வேர்டும் போயிற்று. இரண்டாம் கட்டச் சோதனை, அதாவது ஃபோனுக்கு வரும் எண்ணைக் கேட்பதற்கும் அந்த முறையில் இடமில்லை. அதனால் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுவனக் கணக்குகளுக்கு ஐமேப், பாப் இரண்டிலும் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. கூகுள் சொந்தக் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியிலும், வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கு 2025-இலும் நிறுத்தியது. இப்போது இருப்பது ஓஆத்2. தண்டர்பேர்டு ஒரு சின்ன ப்ரவுசர் ஜன்னலைத் திறக்கும், கூகுளின் அல்லது மைக்ரோசாஃப்டின் பக்கத்திலேயே நீங்கள் லாகின் செய்வீர்கள், தண்டர்பேர்டுக்கு ஒரு அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கும். பாஸ்வேர்டை அது பார்ப்பதே இல்லை.

ஆகவே அக்கவுண்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ் போய் ஆதென்டிகேஷன் மெத்தட் என்பதில் நார்மல் பாஸ்வேர்டு என்று இருந்தால் ஓஆத்2 என்று மாற்றுங்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸின் இடதுபட்டியலின் அடியில் அவுட்கோயிங் சர்வர் என்று தனியாக இருக்கும், அங்கேயும் மாற்ற வேண்டும். பலர் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் பட்டியலைத் திறந்து, அந்தக் கணக்கின் பழைய பதிவுகளை நீக்கிவிட்டு தண்டர்பேர்டை மூடித் திறங்கள். லாகின் ஜன்னல் வந்தும் சுற்றிச் சுற்றி அதே பக்கத்துக்கே வருகிறது என்றால், அதே பிரைவசி பகுதியில் குக்கீகளை ஏற்கும் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கூகுள் லாகின் முடியாது.

ஆப் பாஸ்வேர்டுன்னு ஒன்னு எடுக்கச் சொன்னாங்க. அது வேணுமா?

ஓஆத்2 வேலை செய்தால் வேண்டாம். ஆப் பாஸ்வேர்டு என்பது கூகுள் உருவாக்கித் தரும் 16 எழுத்துக் கடவுச்சொல். ஓஆத்2 தெரியாத பழைய ப்ரோகிராம்களுக்கும், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரின்டர்களுக்கும் அது பயன்படும். இரண்டாம் கட்டச் சோதனையை இயக்கினால்தான் அந்த வசதியே கண்ணில் படும், பல்கலைக்கழக நிர்வாகி அதை மூடியும் வைத்திருக்கலாம்.

யூடியூபில் இதை எல்லாப் பிரச்சினைக்கும் மருந்தாகச் சொல்கிறார்கள். தண்டர்பேர்டைப் பொறுத்தவரை இது தேவையற்ற சுற்றுவழி.

பாஸ்வேர்டு மாத்தினேன், அன்னைக்கிலிருந்து தண்டர்பேர்டுக்கு மெயில் வரல.

கூகுள் கணக்கில் பாஸ்வேர்டை மாற்றினால், மெயிலைப் படிக்க மற்ற ப்ரோகிராம்களுக்குத் தந்த அனுமதிச் சீட்டுகளும் ஆப் பாஸ்வேர்டுகளும் ரத்தாகிவிடும். பாதுகாப்புக்காகச் செய்வதுதான். தண்டர்பேர்டு மறுபடி லாகின் ஜன்னலைக் காட்டும், ஒருமுறை நுழைந்தால் சரியாகிவிடும். காட்டாவிட்டால் மேலே சொன்னபடி சேவ்டு பாஸ்வேர்ட்ஸில் பழையதை நீக்குங்கள்.

லாகின் எல்லாம் சரியா போச்சு. கடைசியில "நீட் அட்மின் அப்ரூவல்"னு ஒரு பக்கம் வந்து நிக்குது.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் இது சகஜம். வெளி மென்பொருள் எதுவும் மெயிலைத் தொடுவதற்கு முன் நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். உங்கள் கணினியில் என்ன மாற்றினாலும் இது தீராது. தண்டர்பேர்டை நீக்கி மறுபடி நிறுவுவதும் வீண் வேலை.

கணினி மையத்துக்கு ஒரு மெயில் எழுதுங்கள். "தண்டர்பேர்டு மெயில் ப்ரோகிராமை ஓஆத்2 முறையில் ஐமேப், எஸ்எம்டிபி வழியாகப் பயன்படுத்த விரும்புகிறேன். அதற்கு நிர்வாகி ஒப்புதல் கேட்கிறது. ஒப்புதல் தர இயலுமா?" என்று நேராகக் கேட்டால் போதும். திரையின் படத்தையும் இணையுங்கள். "மெயில் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லித்தான் பதில் வரும்.

ஒப்புதல் மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிடுங்கள். எல்லா மெயிலையும் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டு அங்கிருந்து படிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மாணவர் மதிப்பெண்களும் ஆய்வு ஒப்பந்தங்களும் வந்துபோகும் கணக்கில் அப்படிச் செய்வது பெரும்பாலும் விதிமீறல். அதுவும் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

ஐமேப்பை யுனிவர்சிட்டியே நிறுத்தி வெச்சிருக்காங்களாம். வேற வழி இருக்கா?

கூகுள் என்றால் தண்டர்பேர்டில் வேறு வழியில்லை, ப்ரவுசர்தான். நிர்வாகி ஐமேப்பை மூடியிருந்தால் லாகின் சரியாகப் போன பிறகும் இணைப்பு மறுக்கப்படும்.

மைக்ரோசாஃப்ட் என்றால் ஒரு வாய்ப்பு உண்டு. 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வரோடு நேரடியாகப் பேசும் வசதி தண்டர்பேர்டில் வந்திருக்கிறது. கணக்கு சேர்க்கும்போது ஐமேப்புக்குப் பதில் எக்ஸ்சேஞ்ச் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன நிர்வாகி ஒப்புதல் இதற்கும் தேவைப்படலாம்.

மெயில் நல்லா வருது. ஆனா அனுப்பினா மட்டும் எரர்.

வருவது ஒரு சர்வர், போவது இன்னொரு சர்வர், இரண்டுக்கும் தனித்தனி செட்டிங். முதலில் அவுட்கோயிங் சர்வரில் ஆதென்டிகேஷன் ஓஆத்2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு பற்றிய பதிலில் சொன்னதுதான்.

அடுத்து போர்ட். யாரோ பழைய குறிப்பைப் பார்த்து 25 என்று போட்டிருந்தால் பல இணைய நிறுவனங்களும் விடுதி வைஃபையும் அதைத் தடுத்துவிடும். ஸ்பேம் அனுப்பும் கணினிகளைக் கட்டுப்படுத்த அப்படிச் செய்கிறார்கள். 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். ஜோடி மாறிப் போட்டால் ரொம்ப நேரம் சுற்றிவிட்டு டைம்அவுட் ஆகும். விடுதி வைஃபையில் முதலில் ப்ரவுசரில் லாகின் செய்ய வேண்டியிருந்தால் அதை முடிக்காமல் வரவும் வராது, போகவும் போகாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் எரர் செய்தியில் 5.7.139 என்ற எண்ணும் எஸ்எம்டிபி டிஸேபிள்டு என்ற பொருளில் ஒரு வரியும் தெரிந்தால், பல்கலைக்கழகம் அந்த வழியை மூடி வைத்திருக்கிறது என்று பொருள். பல நிறுவனங்களில் அது தொடக்கத்திலிருந்தே மூடித்தான் இருக்கும். நிர்வாகி நினைத்தால் உங்கள் மெயில்பெட்டிக்கு மட்டும் திறந்துவிட முடியும், அதனால் அந்த எண்ணைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

வேலைக் கணக்குலிருந்து அனுப்பினேன், ஆனா சொந்த முகவரியில போயிருக்கு.

பல கணக்குகள் வைத்திருப்பவர்களுக்கு இது நேரும். எழுதும் ஜன்னலில் ஃப்ரம் என்ற வரியில் எந்த முகவரி இருக்கிறதோ அதிலிருந்துதான் போகும். இடதுபக்கம் எந்தக் கணக்கின் ஃபோல்டரில் நின்றுகொண்டு எழுதத் தொடங்கினீர்களோ அந்தக் கணக்கு அங்கே வரும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்திலும் அதற்கான அவுட்கோயிங் சர்வர் எது என்று ஒரு பெட்டி இருக்கும். பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராகச் சொந்த ஜிமெயிலின் சர்வர் தேர்வாகியிருந்தால் கூகுள் ஃப்ரம் முகவரியையே மாற்றி அனுப்பிவிடும்.

சென்ட் ஃபோல்டர்ல ஒவ்வொரு மெயிலும் ரெண்டு ரெண்டா இருக்கு.

மைக்ரோசாஃப்ட் சர்வர் நீங்கள் அனுப்பியதைத் தானே சென்ட் ஐட்டம்ஸில் போட்டுவைக்கும். தண்டர்பேர்டும் தன் பங்குக்கு ஒரு பிரதி போடும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் பகுதியில் பிரதி வைக்கச் சொல்லும் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த சர்வர் என்றால் எடுக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் தண்டர்பேர்டு போடும் பிரதி ஒன்றுதான் இருக்கும். எடுத்த பிறகு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, சென்ட்டில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நாள் முழுக்க டவுன்லோடு ஆகிட்டே இருக்கு, டிஸ்க் நிறைஞ்சுபோச்சு.

கூகுளில் ஃபோல்டர் என்பது உண்மையில் லேபிள்தான். இன்பாக்ஸில் இருக்கும் மெயிலே ஆல் மெயில் என்ற ஃபோல்டரிலும் தெரியும், வேறு லேபிள் இருந்தால் அங்கேயும் தெரியும். தண்டர்பேர்டு எல்லாவற்றையும் தனித்தனியாக இறக்க வாய்ப்புண்டு. கணக்கின் மேல் வலது க்ளிக் செய்து சப்ஸ்க்ரைப் பட்டியலில் ஆல் மெயிலின் டிக்கை எடுத்துவிட்டால் சுமை குறையும். முழுத் தொகுப்பும் வேண்டும் என்பவர்கள் நேர்மாறாக, ஆல் மெயிலை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ் பகுதியில் கடைசி இத்தனை நாள், இத்தனை மாத மெயில் மட்டும் போதும் என்றும் அமைக்கலாம். பல ஆண்டு மெயில் உள்ள கணக்கை முதல்முறை இறக்கும்போது இடையில் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். ஐமேப் வழியாக ஒரு நாளில் சுமார் 2,500 எம்பி வரைதான் கூகுள் இறக்கவிடும். தாண்டினால் சில மணி நேரம் கணக்கு அந்த வழியில் பூட்டப்படும், தானாகத் திறந்துவிடும்.

அழித்த பிறகும் டிஸ்க் குறையவில்லை என்றால் ஃபைல் மெனுவில் காம்பாக்ட் ஃபோல்டர்ஸ் கொடுங்கள். ஒரு ஃபோல்டர் என்பது வழக்கமாக ஒரே நீண்ட கோப்பு. அழித்த மெயிலுக்கு முதலில் அழிந்தது என்ற குறி மட்டுமே விழும், காம்பாக்ட் செய்யும்போதுதான் இடம் காலியாகும்.

இங்க டெலிட் பண்ணேன், ஃபோன்லயும் போயிடுச்சே!

ஐமேப் பற்றிய பதிலில் சொன்னபடி இரண்டும் ஒரே மெயில்பெட்டி. உடனே ட்ராஷைப் பாருங்கள். கூகுளில் 30 நாள் அங்கே இருக்கும். அதற்குப் பிறகு நிரந்தரமாக அழிந்த மெயிலையும் வொர்க்ஸ்பேஸ் நிர்வாகியால் இன்னும் 25 நாளுக்குள் மீட்க முடியும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நாள்தான் முக்கியம்.

தமிழ்ல வந்த பழைய மெயில் எல்லாம் புரியாத எழுத்தா இருக்கு.

என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் கட்டங்களாக இருந்தால் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா எழுத்துரு கூடவே வருவதால் இது இப்போது அரிது, லினக்ஸில்தான் பார்க்கிறேன். நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது.

மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாகத் தெரிந்தால் இரண்டு வாய்ப்பு. யூனிகோடு மெயிலைத் தவறான குறியீட்டில் திறந்திருக்கலாம். வியூ மெனுவில் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் கொடுத்துப் பாருங்கள், பலமுறை அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் அது யூனிகோடுக்கு முந்தைய காலத்து மெயில். டிஸ்கி குறியீட்டிலோ பாமினி போன்ற எழுத்துருவிலோ எழுதியிருப்பார்கள். பாமினி என்றால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் தெரியும். இவற்றைத் தண்டர்பேர்டு படிக்காது. உரையை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். 2000-க்கு முன்பின் நடந்த தமிழறிஞர் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் பேராசிரியர்கள், மாற்றிய உரையோடு மூல மெயிலையும் பத்திரமாக வையுங்கள்.

25 எம்பி வரை அனுப்பலாம்னு சொல்றாங்க, என் 20 எம்பி பிடிஎஃப் போகலையே?

மெயிலில் போகும் இணைப்பு எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும். 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பியாகிவிடும். 18 எம்பியைத் தாண்டினால் ட்ரைவிலோ ஒன்ட்ரைவிலோ ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்புங்கள்.

காலண்டர், அட்ரஸ் புக் எல்லாம் வருமா?

கூகுள் என்றால் வரும். கணக்கு சேர்த்து முடித்ததுமே இரண்டையும் இணைக்கட்டுமா என்று கேட்கும். மைக்ரோசாஃப்ட் காலண்டருக்குத் தனி ஆட்ஆன் தேவைப்படும். அதில் சொந்தப் பணம் செலவழிப்பதைவிட காலண்டரை மட்டும் ப்ரவுசரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

லேப்ல இருக்கிற பொது கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாமா?

வேண்டாம். தண்டர்பேர்டில் லாக்அவுட் என்பதே கிடையாது. அடுத்து உட்காருபவர் திறந்தால் உங்கள் மெயில் அப்படியே தெரியும். ப்ரைமரி பாஸ்வேர்டு என்று ஒரு பூட்டு இருக்கிறது, ஆனால் அது சேமித்த பாஸ்வேர்டுகளையும் அனுமதிச் சீட்டுகளையும்தான் காக்கும். ஏற்கெனவே இறக்கிய மெயில்கள் டிஸ்க்கில் திறந்தபடியே கிடக்கும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் கணக்கைத் தரவோடு சேர்த்து நீக்குங்கள். அந்தக் கணினிக்குப் போக முடியாத நிலையில் இருந்தால், உங்கள் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் தண்டர்பேர்டுக்குத் தந்த அனுமதியை ரத்து செய்யலாம். அதன் பிறகு புதிய மெயில் வராது. இறங்கியது இறங்கியதுதான்.

அடுத்த மாசம் டிகிரி முடியுது. அக்கவுண்டை மூடிடுவாங்களாம். தண்டர்பேர்டுல எல்லாம் இருக்கே, பயமில்லைதானே?

பயம் உண்டு. தண்டர்பேர்டில் தெரிவதாலேயே அவை உங்களிடம் இருக்கின்றன என்று ஆகாது. ஐமேப் சர்வரைப் பின்பற்றும். சர்வரில் மெயில்பெட்டியைக் காலி செய்துவிட்டால், அடுத்த இணைப்பில் உங்கள் பிரதியும் காலியாகிவிடும். சிலவற்றுக்குத் தலைப்பு மட்டுமே இறங்கியிருக்கும், உள்ளடக்கம் சர்வரில்தான் இருக்கும்.

முன்பு பல பல்கலைக்கழகங்கள் படிப்பு முடிந்த பிறகும் கணக்கை விட்டுவைத்தன. கூகுள் 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான வரம்பற்ற இடத்தை நிறுத்தப்போவதாகவும், ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபி என்றும் அறிவித்த பிறகு நிலைமை மாறியது. பழைய மாணவர் கணக்குகளைத்தான் முதலில் கழிப்பார்கள்.

செய்ய வேண்டியது: இடதுபட்டியலின் அடியில் லோக்கல் ஃபோல்டர்ஸ் இருக்கும். அது சர்வரோடு சேராமல் உங்கள் கணினியில் மட்டும் இருப்பது. அதில் ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்கி, மெயில்களைத் தேர்ந்தெடுத்து, வலது க்ளிக் செய்து காப்பி டு என்பதில் அங்கே நகலெடுங்கள். மூவ் டு வேண்டாம், பாதியில் நெட் போனால் தொல்லை. ஆயிரக்கணக்கில் ஒரேயடியாக அள்ளாமல் ஆண்டு வாரியாகப் பிரித்துச் செய்யுங்கள், மேலே சொன்ன 2,500 எம்பி வரம்பு இங்கேயும் குறுக்கே வரும். முடிந்ததும் இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் நெட்டைத் துண்டித்துவிட்டு, இணைப்புக் கோப்பு உள்ள சில பழைய மெயில்களைத் திறந்து பாருங்கள். திறந்தால் வந்து சேர்ந்துவிட்டன. கடைசியாக, ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்திலிருந்து, தண்டர்பேர்டு உங்கள் மெயில்களை வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.

கூகுள் கணக்கு என்றால் தரவை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் வழியாகவும் மொத்த மெயிலையும் ஒரு கோப்பாக எடுக்கலாம். நிர்வாகி அனுமதித்திருந்தால் சொந்த ஜிமெயிலுக்கே நேரடியாக மாற்றும் வசதியும் அங்கே உண்டு. நேரம் இருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

மெயிலோடு வேலை முடியவில்லை. அந்த முகவரியை வைத்து எங்கெல்லாம் கணக்கு தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். ஆர்சிட் (ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் தளம்), ஆய்விதழ்களின் தளங்கள், உதவித்தொகைத் தளம், ஆன்லைன் படிப்புகள் என்று நீளும். கணக்கு மூடிய பிறகு பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு மெயில் போவது இல்லாத முகவரிக்குத்தான். ஆர்சிட்டில் சொந்த முகவரியை இன்றே இரண்டாவதாகச் சேர்த்துவிடுங்கள். பரிசீலனையில் இருக்கும் கட்டுரைக்கு உங்கள் முகவரிதான் தொடர்பு முகவரி என்றால் இதழாசிரியருக்கும் சொல்லிவிடுங்கள்.

கணக்கை மூடிட்டாங்க. இப்ப தண்டர்பேர்டு பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்துறது?

அவசரப்பட்டுக் கணக்கை நீக்காதீர்கள். முதலில் சர்வர் செட்டிங்ஸில், தொடங்கும்போது மெயில் பார்க்கச் சொல்லும் டிக்கையும், இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். கேட்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

லோக்கல் ஃபோல்டர்ஸில் எல்லாம் இருப்பது உறுதியான பிறகு அக்கவுண்ட் ஆக்‌ஷன்ஸில் ரிமூவ் அக்கவுண்ட் கொடுக்கலாம். அப்போது மெசேஜ் டேட்டாவையும் நீக்கவா என்று ஒரு பெட்டி வரும். அதில் டிக் போட்டால் அந்தக் கணக்கின் கீழ் இறங்கியிருந்தவை டிஸ்க்கிலிருந்து அழிந்துவிடும். லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுத்தவற்றுக்கு ஒன்றும் ஆகாது. நகலெடுத்தோமா இல்லையா என்று ஞாபகமில்லாதவர்கள் டிக் போடாமல் ரிமூவ் மட்டும் கொடுத்துவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வாருங்கள்.